கிராஃபிக் டிசைன் வரலாறு: ஒரு போஸ்டரில் தொடங்கி உள்ளே போகும் வழி

டிசைன் கற்றுக்கொள்ள வருகிற பெரும்பாலானோர் வரலாற்றுப் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆர்ட் நூவோ, டாடா, டி ஸ்டைல், பவ்ஹாவுஸ், ஸ்விஸ், பங்க் என்று பெயரையும் ஆண்டையும் நாலு படத்தையும் வரிசையாக அடுக்கி வைத்தால், அசோகர் சாலையோரம் மரம் நட்ட கதை மாதிரி தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும்.

வரலாற்றைக் கையால் கற்றுக்கொள்வது சுலபம். எந்தப் பாணியும் சும்மா ரசனையில் முளைத்ததில்லை. ஒரு அச்சு முறை இருந்தது, காசு கொடுக்க ஒருவர் இருந்தார், அவசரமாகச் சொல்ல ஒரு சேதி இருந்தது. இந்த மூன்றும் கூடின இடத்தில் பாணி பிறந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் பெயரும் ஆண்டும் பின்னாலேயே வந்துவிடும். கீழே உள்ள படிகளை அந்த நோக்கில்தான் அமைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டால் போதும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. ஏ4 தாள், ட்ரேசிங் பேப்பர், பென்சில், ஸ்கேல், காம்பஸ், பாகைமானி, கறுப்புத் தாள், கத்தரிக்கோல், பசை. கம்ப்யூட்டர் இருந்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது, ஃபிக்மாவும் போதும். தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தால் ஏழாம் படிக்கு உதவும்.

படி 1: நடுவிலிருந்து தொடங்குங்கள்

பாடப்புத்தகங்கள் குகை ஓவியத்திலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் 1955-இல், ஜூரிச் நகரில் ஆரம்பியுங்கள். ஸ்விஸ் டிசைனர் யோசெஃப் ம்யுல்லர்-ப்ரோக்மன் அங்குள்ள டோன்ஹாலே இசை அரங்குக்காகச் செய்த 'பேத்தோவன்' போஸ்டரை இணையத்தில் தேடி, பெரிதாகப் பார்த்து, ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த இடம்? இதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு முயற்சிகளில் பலவும் வந்து சேர்கிற இடம் இந்த போஸ்டரின் ஸ்விஸ் பாணி. இதற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் பலர் சண்டை போட்டதும் இதனோடுதான். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும்.

போஸ்டரில் பேத்தோவன் முகம் கிடையாது, பியானோ கிடையாது, இசைக்குறி ஒன்றுகூட இல்லை. கறுப்பு வெள்ளையில் வளைந்து வளைந்து போகிற பட்டைகள் மட்டும். அந்த வளைவுகளுக்கு இடையே சின்ன எழுத்தில் நிகழ்ச்சி விவரம். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது இலக்கண விதி. இங்கே இசைமேதையின் பெயரே சிறிய எழுத்தில் தொடங்குகிறது. அதைக் கவனித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: அளந்து பாருங்கள்

ட்ரேசிங் பேப்பரை மேலே வைத்து, வளைவுகளின் பொது மையத்தைக் கண்டுபிடியுங்கள். எல்லாப் பட்டைகளும் ஒரே மையத்தைச் சுற்றியவை என்பதால் காம்பஸால் பிடித்துவிடலாம். பிறகு பாகைமானியை வைத்து ஒவ்வொரு பட்டையும் எத்தனை பாகைக்கு நீள்கிறது என்று அளங்கள். முழு வட்டத்தை 32 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 11.25 பாகை. பட்டைகளின் நீளமெல்லாம் அதன் மடங்குகளில் நிற்கும். தடிமனைப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஏ4 பிரிண்ட்டில் மெல்லிய பட்டைகளை அளப்பது கஷ்டம். பெரிய பட்டைகளில் கணக்கு தெளிவாகத் தெரியும்.

இசைக்கும் கணக்குக்கும் உள்ள உறவை அவர் படமாக்கிவிட்டார். தாளத்தில் ஒரு அட்சரம் பாதியாகி, கால் ஆகிக் குறைவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, எழுத்துகளின் இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். வட்டத்தின் மையத்தோடு அதற்கு என்ன உறவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள். படத்தைப் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பிடிபடும்.

இன்னொரு அளவும் முக்கியம். ஸ்விட்சர்லாந்தில் தெருப் போஸ்டர்களுக்கு 90.5 × 128 செ.மீ. என்று ஒரு நிலையான அளவு உண்டு. சுவரில் மாஸ்கிங் டேப்பால் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் ஒட்டிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் அலங்காரம் மாதிரி தெரிந்த வளைவு, தெருவில் ஆளையே சுருட்டி உள்ளே இழுத்திருக்கும்.

படி 3: நான்கு கேள்விகள்

இனி எந்த போஸ்டர் கைக்கு வந்தாலும் இவற்றைக் கேளுங்கள். எப்படி அச்சாயிற்று? எழுத்து கையால் வரைந்ததா, வார்ப்பு அச்சா, ஃபிலிமா, கம்ப்யூட்டரா? யார் காசு கொடுத்தார்கள்? பார்க்கிறவர் எங்கே, எவ்வளவு நேரம் நின்று பார்த்திருப்பார்? ஒரு நோட்டில் ஒவ்வொரு போஸ்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பதில்களை எழுதுங்கள். பாணியின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

படி 4: 1955-இலிருந்து பின்னால் நடங்கள்

முதலில் கல். அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் ஜெர்மனியில் கல்லச்சைக் கண்டுபிடித்தார். மெழுகுப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, தண்ணீரும் எண்ணெய் மையும் ஒட்டாது என்ற குணத்தை வைத்து அச்செடுப்பது. வார்ப்பு எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் எழுத்து நேர்க்கோட்டில்தான் நிற்கும். கல்லில் அந்தக் கட்டாயம் இல்லை. கை போகிற பக்கம் எழுத்தும் போகும். பாரிஸில் ஜூல் ஷெரே வண்ணக் கல்லச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1891-இல் துலூஸ்-லோத்ரெக் 'மூலான் ரூஜ்' கேளிக்கை அரங்குக்குப் போட்ட போஸ்டரில் எழுத்தும் படமும் ஒரே கையில் வந்தவை என்பது பார்த்ததும் தெரியும். அல்ஃபோன்ஸ் முகா, நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டுக்காக வரைந்த 'ஜிஸ்மோண்டா' போஸ்டர் 1895 புத்தாண்டு நாளில் பாரிஸ் சுவர்களில் ஏறியது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், முக்கால் மீட்டர்கூட வராத அகலம். கொடி மாதிரி வளையும் கூந்தல், பூ, அதற்கேற்ற எழுத்து: ஆர்ட் நூவோவின் அடையாளம் இதுதான். இந்தக் கொடியை ஆர்ட் டெக்கோவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். 1935-இல் கசாந்த்ர செய்த 'நார்மண்டி' கப்பல் போஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கொடியே கிடையாது. வழவழப்பான நிழல், ஏறெடுத்துப் பார்க்க வைக்கிற கப்பல் முகப்பு, மெஷினின் மிடுக்கு.

அடுத்து பெர்லின். 1905 வாக்கில் 'ப்ரீஸ்டர்' தீக்குச்சி கம்பெனிக்கான போட்டிக்கு லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் அனுப்பிய போஸ்டர். முதலில் மேசை, விரிப்பு, சிகார், சிகரெட் புகையில் ஆடும் பெண்கள் என்று எல்லாம் வரைந்திருந்தாராம். ஒவ்வொன்றாக அழித்து, கடைசியில் இரண்டு தீக்குச்சியும் கம்பெனி பெயரும் மட்டும் மிஞ்சின என்பது டிசைன் உலகில் எல்லோரும் சொல்கிற கதை. அழித்த கதை எப்படியோ, மிஞ்சியது நம் கண் முன்னால் இருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பிறகு ரஷ்யா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் உள்நாட்டுப் போர். எல் லிசிட்ஸ்கி ஒரு சிவப்பு முக்கோணம் (புரட்சிப் படை) வெள்ளை வட்டத்தை (அதன் எதிரிகள்) பிளப்பதாகப் போட்டார். யார் யாரை அடிக்கிறார்கள் என்று புரிய எழுத்தே வேண்டாம். 1924-இல் ரோட்சென்கோ, அரசுப் பதிப்பகத்துக்காக லில்யா ப்ரிக் என்ற பெண் வாயருகே கைவைத்துக் கூவுகிற போட்டோவை வெட்டி ஒட்டினார். 'புத்தகங்கள்' என்ற சொல் ஒலிபெருக்கி வடிவத்தில் வாயிலிருந்து விரிகிறது. இன்றும் தேர்தல் நோட்டீஸிலிருந்து ராக் ஆல்பம் வரைக்கும் இதைக் காப்பி அடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். சாய்வுக் கோடும் சிவப்பு-கறுப்பும் போட்டால் கன்ஸ்ட்ரக்டிவிஸம் என்கிற இந்த ரஷ்யப் பாணி ஆகிவிடும் என்று நினைப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: இங்கே எது எதை இடிக்கிறது?

ஜெர்மனியின் பவ்ஹாவுஸ் பள்ளி 1919-இல் வைமாரில் திறந்தது, 1925-இல் டெஸ்ஸாவுக்கு மாறியது, 1932-இல் பெர்லின், 1933-இல் நாஜிகள் வந்ததும் மூடல். பதினான்கே ஆண்டுகள். பவ்ஹாவுஸ் என்றாலே வட்டம், சதுரம், முக்கோணம், மூன்று நிறம் என்று டெம்ப்ளேட் விற்கிறார்கள். அதைவிட ஹெர்பர்ட் பாயரைக் கவனியுங்கள். டெஸ்ஸாவில் அச்சு-விளம்பரப் பட்டறையை நடத்திய அவர், பெரிய எழுத்து என்று ஒன்று எதற்கு, ஒரே வரிசை போதாதா என்று கேட்டு, 1925-இல் சிறிய எழுத்துகள் மட்டுமே உள்ள எழுத்துருவை வரைந்தார். பேத்தோவன் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கியதன் வேர் இங்கே இருக்கிறது.

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியது யான் சிகோல்டிடம். எழுத்து வரைபவரின் மகன், லைப்சிக்காரர். 1928-இல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலை எழுதினார். நடுவில் நிறுத்தி அலங்கரிக்கும் லேஅவுட் செத்துவிட்டது. இடப்புறம் சீராக, வலப்புறம் ஏற்ற இறக்கமாக விடு. ஸெரிஃப் (எழுத்தின் கோடு முடிகிற இடத்தில் நிற்கும் குட்டிக் கீற்று) இல்லாத எழுத்தைப் போடு. தரப்படுத்திய தாள் அளவைப் பயன்படுத்து என்றார். நாம் இன்று தினமும் கையில் எடுக்கிற ஏ4 கூட 1922-இல் ஜெர்மனி வகுத்த அந்தத் தர அளவுதான். 1933-இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். வெளியே வந்ததும் குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விட்டார்.

சுவாரசியம் அதற்கப்புறம்தான். அதே மனிதர் சில ஆண்டுகளில் தன் கொள்கையையே சந்தேகப்பட்டார். ஒரே எழுத்து, ஒரே விதி, விதிவிலக்கில்லை என்ற தன்னுடைய பிடிவாதத்தில், தான் தப்பி வந்த ஆட்சியின் சாயல் தெரிவதாகச் சொன்னார். 1946-இல் ஸ்விஸ் டிசைனர் மாக்ஸ் பில் அவரைத் துரோகி என்கிற தொனியில் கண்டித்து எழுத, சிகோல்ட் பதில் எழுத, அந்தச் சண்டை பிரசித்தம். 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகத்தின் புத்தகங்களைச் சீர்திருத்தியபோது, தலைப்பை நடுவில் நிறுத்திய பழைய முறையையே பயன்படுத்தினார். இரண்டு காலத்து வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவல் படிக்கிறவருக்கு ஒன்று, கண்காட்சி போஸ்டருக்கு வேறொன்று என்று அவர் பிரித்துவிட்டார். என்னைக் கேட்டால், இந்த ஒருவரை ஒழுங்காகப் படித்தாலே பாதி வரலாறு முடிந்துவிடும்.

படி 5: ஒரு கிரிட் போடுங்கள்

இப்போது மறுபடி ஸ்விட்சர்லாந்து. இரண்டாம் உலகப் போரில் கலந்துகொள்ளாத நாடு. அதன் அச்சகங்கள் குண்டுக்குத் தப்பின. ஒரே அறிவிப்பை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் போட வேண்டிய கட்டாயம் அடிக்கடி வரும். மூன்று பத்தி, மூன்று நீளம், எதற்கும் முன்னுரிமை இல்லாமல் ஒழுங்காக நிற்க வேண்டும். பக்கத்தைப் பத்தி, வரிசை என்று பிரித்துக்கொள்கிற கட்டம் (கிரிட்) அங்கே நன்றாக வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. ஜூரிச்சில் ம்யுல்லர்-ப்ரோக்மன், பாசல் நகரில் அர்மின் ஹோஃப்மனும் எமில் ரூடரும் இதைப் பாடமாகவே நடத்தினார்கள்.

நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்கள். ஏ4 நெடுவாக்கில் 210 × 297 மி.மீ. இடமும் வலமும் 15 மி.மீ. மார்ஜின். மீதி 180. அதில் நான்கு பத்தி, பத்திகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு பத்தி சரியாக 42 மி.மீ. உயரத்தில் மேலே 10, கீழே 15 விடுங்கள். மீதி 272. ஆறு வரிசை, இடையில் அதே 4 மி.மீ.; ஒரு வரிசையும் 42 மி.மீ. ஆக, 24 சதுரங்கள். கணக்கு மிச்சமில்லாமல் வருவதற்காகத்தான் மேல் மார்ஜினைக் குறைத்தேன்.

இதற்குள் ஒரு நிகழ்ச்சி அறிவிப்பை வையுங்கள். ஊர் நூலகத்தில் நடக்கிற கூட்டம், கோயில் கச்சேரி, நண்பரின் போட்டோ கண்காட்சி, எதுவானாலும் உண்மையான நிகழ்ச்சியாக இருக்கட்டும். கற்பனை நிகழ்ச்சிக்கு எழுதினால் விவரங்களை உங்கள் வசதிக்கு வெட்டிவிடுவீர்கள். விதிகள்: ஒரே எழுத்துரு. இரண்டே அளவு, ஒன்று 14 பாயிண்ட், இன்னொன்று அதைப்போல் நான்கு மடங்கு. எல்லாம் இடப்புறச் சீரமைப்பு. கறுப்பும் வெள்ளையும் மட்டும். 24 சதுரங்களில் குறைந்தது பத்து காலியாக இருக்க வேண்டும். புதியவர்களுக்குக் கை நடுங்குவது இந்தக் கடைசி விதியில்தான். காலியாக விட்ட இடத்தைப் பார்த்ததும் ஒரு பூவோ பார்டரோ வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

ஒரு திருத்தம். ஸ்விஸ் பாணி என்றால் ஹெல்வெட்டிகா என்று பலர் நினைக்கிறார்கள். பேத்தோவன் போஸ்டர் வந்தபோது ஹெல்வெட்டிகா பிறக்கவேயில்லை. மாக்ஸ் மீடிங்கர் வரைந்து 1957-இல் 'நோயே ஹாஸ் க்ரோட்டெஸ்க்' என்று வெளிவந்தது. 1960-இல்தான் இன்றைய பெயர் வைத்தார்கள். ம்யுல்லர்-ப்ரோக்மனுக்குப் பிடித்தது 1898-இலேயே வந்துவிட்ட 'அக்ஸிடென்ஸ் க்ரோட்டெஸ்க்'. புரட்சி செய்தவர் தாத்தா காலத்து எழுத்தை வைத்துக்கொண்டுதான் செய்தார்.

படி 6: அதே கட்டத்தில் தமிழை வையுங்கள்

மேலே சொன்னதை ஆங்கிலத்தில் செய்துவிட்டு அப்படியே தமிழுக்கு மாற்றினால் லேஅவுட் உடைந்துபோகும். எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் படி.

முதலில் வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு எழுத்து அளவில் 120 சதவீதம் போதும் என்பார்கள். தமிழில் மேலே 'கீ' சுழிக்கும், புள்ளி நிற்கும். கீழே 'ழு', 'ரூ' இறங்கும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளாமலிருக்க 140-லிருந்து 150 சதவீதம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து சொல்லின் நீளம். 42 மி.மீ. பத்தியில் 14 பாயிண்ட்டில் 'ஏற்பாட்டாளர்களுக்கு' என்று போட்டால் வரி திணறும். இரண்டு பத்தியைச் சேர்த்து 88 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். சிகோல்ட் சொன்ன மாதிரி வலப்புறத்தை ஏற்ற இறக்கமாக விடுவது தமிழுக்கு இன்னும் பொருந்துகிறது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே நமக்குக் கிடையாது. பாயர் சண்டை போட்டு வாங்க நினைத்தது நம்மிடம் பிறப்பிலேயே இருக்கிறது. அதனால் எது முக்கியம் என்பதை அளவாலும் தடிமனாலும் இடத்தாலும் மட்டுமே காட்ட முடியும். சாப்ட்வேரில் சாய்வெழுத்துப் பட்டனை அழுத்தித் தமிழைச் சாய்க்காதீர்கள், வார்ப்பே கோணிக்கொள்ளும். தடிமனும் அப்படித்தான்: எழுத்துருவிலேயே தடித்த வகை இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாக, பல தடிமன்களில் கிடைக்கின்றன.

கடைசியாகக் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற ஒன்று. தலைப்பின் முதல் வரி 'ப'-வில் தொடங்கி அடுத்த வரி 'உ'-வில் தொடங்குகிறது என்று வையுங்கள். 'ப'-வின் இடப்பக்கம் நேர்க்கோடு, 'உ' வளைவு. இரண்டையும் கோட்டில் கச்சிதமாக நிறுத்தினால் 'உ' உள்ளே தள்ளி நிற்பதுபோல் தோன்றும். பெரிய அளவில் அதை ஒரு மயிரிழை இடப்பக்கம் வெளியே தள்ளுங்கள். சாப்ட்வேர் காட்டும் எண்ணும் கண் சொல்வதும் மோதினால் கண் சொல்வதைக் கேளுங்கள்.

படி 7: கட்டத்தை உடைத்தவர்களிடம் போங்கள்

நியூயார்க்கில் 1954-இல் தொடங்கிய புஷ் பின் ஸ்டூடியோவில் மில்டன் கிளேசரும் சீமோர் க்வாஸ்டும் பழைய பாணிகளையெல்லாம் தோண்டி எடுத்து விளையாடினார்கள். கிளேசரின் பாப் டிலன் போஸ்டரில் கறுத்த பக்கவாட்டு முகம், தலையில் வண்ண வண்ணமாகச் சுருளும் முடி. அந்தச் சுருளில் ஆர்ட் நூவோ திரும்பி வந்துவிட்டதை இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1966-67 வாக்கில் ராக் கச்சேரி போஸ்டர்கள். வெஸ் வில்சன், வியன்னாவில் அல்ஃப்ரெட் ரோலர் வரைந்த எழுத்தைப் பார்த்து, எழுத்தை உருக்கி ஊற்றினார். படிக்கக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்; கம்பத்தருகே நின்று புரிந்துகொள்ள முயல்கிறவர்தான் அந்தக் கச்சேரிக்கு வரப்போகிறவர். மூன்றாம் படியின் நான்காவது கேள்விக்கு இங்கே பதில் தலைகீழ். விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் பவ்ஹாவுஸ் ஆசான் யோசெஃப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். கண் கூசாமல் இருக்க எந்த நிறங்களைச் சேர்க்கக் கூடாது என்று கற்றாரோ, அவற்றையே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவப்பும் நீலமும் ஒரே பிரகாசத்தில் உரசி அதிரும். விதியை உடைக்கவும் விதி தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

பாசலில் ஹோஃப்மனின் பள்ளிக்குள்ளேயே கலகம் வந்தது. 1968-இல் அங்கே பாடம் நடத்தத் தொடங்கிய வொல்ஃப்காங் வைன்கார்ட் அச்சுக் கோக்கும் தொழில் பழகியவர். எழுத்து இடைவெளியை இழுத்தார், ஃபிலிமை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினார், படிக்கட்டு மாதிரி வெட்டினார். 1977-இல் லண்டனில் ஜேமி ரீட், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவுக்காகச் செய்த வேலையில் பிரிட்டன் ராணியின் கண்ணையும் வாயையும் மறைத்து, செய்தித்தாளிலிருந்து கிழித்தெடுத்த எழுத்துகளை ஒட்டினார். காசில்லாதவன் கையில் கத்தரிக்கோலும் ஜெராக்ஸும்: பங்க் பாணியின் மொத்தத் தொழில்நுட்பமும் அவ்வளவுதான்.

1984 ஜனவரியில் மேக்கின்டாஷ் வந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ரூடி வான்டர்லான்ஸ் 'எமிக்ரே' இதழைத் தொடங்கினார். ஸுஸானா லிச்கோ அந்தத் திரையின் முரட்டுப் புள்ளிகளைக் குறையாக நினைக்காமல், அவற்றையே வைத்து எழுத்துரு செய்தார். நியூயார்க்கின் மாஸிமோ விக்னெல்லி, கட்டத்தின் தீவிர பக்தர், இதையெல்லாம் குப்பை என்று திட்டினார். 1996-இல் லிச்கோவின் 'ஃபிலோசோஃபியா' எழுத்துருவுக்கு அறிமுகப் போஸ்டர் செய்துகொடுத்ததும் அவரேதான். அந்த 1990-களில்தான் 'ரே கன்' இதழில் டேவிட் கார்சன், ஒரு பேட்டி போரடிக்கிறது என்று அதை முழுக்கக் குறிகளால் ஆன ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அச்சடித்தார். எனக்கு அது குறும்பாகத் தெரிகிறது. பேட்டி கொடுத்தவருக்கு எப்படித் தெரிந்திருக்குமோ.

பயிற்சி: ஐந்தாம் படியில் செய்த அதே அறிவிப்பை எடுங்கள். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. பழைய செய்தித்தாளிலிருந்து தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டுங்கள். 'கொ', 'கோ' போன்றவற்றுக்குக் கொம்பையும் காலையும் தனித்தனியே தேடி ஒட்ட வேண்டிவரும். அப்போதுதான் எழுத்தின் உடம்பு தெரியும். ஜெராக்ஸ் எடுங்கள், அந்தப் பிரதியைப் பெரிதாக்கி மறுபடி எடுங்கள், நாலைந்து தலைமுறை போகட்டும். ஓரங்கள் உதிர்ந்து கறுப்பு திட்டுத் திட்டாக வரும்போது நிறுத்துங்கள். பிறகு இரண்டு போஸ்டரையும் சுவரில் ஒட்டி, நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் எங்கே, எப்போது, என்ன என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: விடுபட்டதைத் தேடுங்கள்

இதுவரை நாம் நடந்தது ஐரோப்பா, அமெரிக்கா மட்டுமே. வரலாற்று நூல்கள் பலவும் இதோடு நின்றுவிடுகின்றன. போலந்தில் ஹென்றிக் டொமாஷெவ்ஸ்கி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு யூசாகு காமெகுரா, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்காக வேலை செய்த குழு என்று தேடிப் போங்கள். ஒவ்வொருவரிடமும் அதே நான்கு கேள்விகள்.

இந்தியாவுக்கு வந்தால், சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. பாசல் ஹோஃப்மன் 1960-களில் அங்கே வந்து பாடம் நடத்தியிருக்கிறார். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் வடிவமைத்ததுதான் ஸ்டேட் பேங்கின் நீல வட்டம். உங்கள் ஊர்க் கிளைக்கு வெளியே நின்று அதைத் தாளில் வரைந்து பாருங்கள். ஒரு பெரிய வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம், கீழே ஒரு வெட்டு. காம்பஸும் ஸ்கேலும் போதும். பிறகு அதே தெருவில் அடுத்த பத்துக் கடைப் பலகைகளைப் பாருங்கள்: கையால் எழுதியது எது, ஃபிளெக்ஸ் எது, வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் எது என்று பிரித்து நோட்டில் எழுதுங்கள்.

அசல்களைப் பார்க்க ஜூரிச் வடிவமைப்பு அருங்காட்சியகம், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றின் தளங்களில் பெரிய அளவுப் படங்கள் உண்டு. படப் பகிர்வுத் தளங்களில் கிடைப்பதில் பலவும், யாரோ போன வருடம் செய்த போலி. 'அசல் பவ்ஹாவுஸ் போஸ்டர்' என்று விற்கப்படுவதில் இது அதிகம். அருங்காட்சியகப் பக்கத்தில் ஆண்டு, அச்சு முறை, அளவு மூன்றும் எழுதியிருக்கும். அந்த மூன்றும் இல்லாத படத்தை உங்கள் ஃபோல்டரில் சேர்க்காதீர்கள்.